முள்ளும் இழுப்பும்: பாஸ் மீன்பிடிப்பின் அடிப்படை

வட அமெரிக்காவின் ஏரிகளிலும் மெல்ல ஓடும் ஆறுகளிலும் வாழும் அகன்ற வாய் பாஸ் என்னும் நன்னீர் மீன், அமெரிக்கத் தூண்டில்காரர்கள் மிகுதியாக நாடும் மீன்களுள் ஒன்றாகும். இது பெரும்பாலும் வாயையும் செவுள் மூடிகளையும் திடீரென விரித்து இரையை நீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்கிறது. வாய்க்குள் வந்தது இரையன்று என உணர்ந்தால் அதே விரைவில் உமிழ்ந்தும் விடுகிறது. அந்தச் சிறு இடைவேளைக்குள் முள்ளின் முனை வாயில் ஏறியாக வேண்டும் என்பதால், எந்த முள்ளைத் தேர்வது, எவ்வளவு விசையோடு இழுப்பது என்னும் இரண்டும் ஒரே முடிவின் இரு பகுதிகளாகின்றன.

முள்ளின் அளவு எண்ணால் குறிக்கப்படுகிறது. 1, 2, 4, 6 என எண் கூடக்கூட முள் சிறிதாகும். 1/0, 2/0, 3/0 எனச் சுழியுடன் எழுதப்படும் வரிசையிலோ எண் கூடக்கூட முள் பெரிதாகும். ஆயினும் மீனின் பருமனைவிட இரையின் பருமனே தேர்வுக்கு முதன்மையான அளவுகோலாகும். ஆறு, ஏழு அங்குல நீளமுள்ள செயற்கைப் புழுவுக்கு 3/0 அல்லது 4/0 முள்ளும், நான்கு அங்குலப் புழுவுக்கு 1/0 அல்லது 2/0 முள்ளும் பொதுவாகப் பொருந்தும்.

நீர்ப்பாசியிலும் மரக்கிளைகளிலும் சிக்காதிருக்க முள்முனையைப் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்துக் கோக்கும் முறை டெக்சாஸ் ரிக் எனப்படுகிறது. இதில் முனை முதலில் புழுவைக் கிழித்து வெளிப்பட்டு, பிறகே மீனின் வாயைத் துளைக்க வேண்டியிருப்பதால், தண்டுக்கும் முனைக்கும் இடையே அகன்ற இடைவெளியுள்ள தடித்த முள்ளும், விறைப்பான தூண்டில் கம்பும் தேவைப்படுகின்றன. மீன் கடித்ததும் தூண்டில் நரம்பின் தொய்வைச் சுருட்டி எடுத்துவிட்டுக் கம்பை வலுவாக மேல்நோக்கி வீச வேண்டும்.

மீன் வடிவ மரத்துண்டு அல்லது பிளாஸ்டிக் இரையில் தொங்கும் முக்கூர் முள்ளுக்கு இவ்வலிமை தீங்காகும். அதன் மெல்லிய கம்பி எளிதில் ஏறிவிடுவதால், வளைந்து கொடுக்கும் கம்பைப் பக்கவாட்டில் சீராக இழுத்தாலே போதும். வெடுக்கென்று இழுத்தால் வாய்த்தசை கிழிந்து மீன் தப்பிவிடும். உயிர் இரையோடு பயன்படும் வட்ட முள்ளில் முனை தண்டை நோக்கி உள்வளைந்திருப்பதால், இழுப்பே தேவையில்லை. ரீலை நிதானமாகச் சுற்றும்போது அது வழுக்கி வந்து வாயின் ஓரத்தில் தானே பதிகிறது.

நரம்பின் இயல்பும் இக்கணக்கில் சேர்கிறது. நைலான் நரம்பு நீண்டு கொடுத்து இழுவிசையின் ஒரு பங்கைத் தானே உறிஞ்சிக்கொள்ள, பின்னல் நரம்பு ஏறத்தாழ நீளாமல் விசை முழுவதையும் முனைக்குக் கடத்துகிறது. ஆகவே பின்னல் நரம்போடு மெல்லிய முள்ளைப் பயன்படுத்துவோர் இழுப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். முள் மழுங்கியிருந்தால் இவை எதுவும் பயன் தராது. முனையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் மெல்ல வைத்து நகர்த்தினால் அது பற்ற வேண்டும். வழுக்கினால் தீட்டவோ மாற்றவோ வேண்டும்.

1972இல் பாஸ் மீன்பிடிப் போட்டிகளை நடத்திவந்த ரே ஸ்காட் தம் போட்டிகளில் மீனை உயிரோடு திரும்ப விடும் வழக்கத்தைப் புகுத்திய பின், அது பாஸ் மீன்பிடிப்போரிடையே பரவி வேரூன்றியது. தொண்டைவரை விழுங்கப்பட்ட முள் மீனைக் கொல்லக்கூடும் என்பதால், கடித்ததை உணர்ந்தவுடன் காலந்தாழ்த்தாமல் முள்ளைப் பதிப்பது, விடுவிக்கப்படும் மீன் பிழைத்திருக்கவும் இன்றியமையாததாகும்.