உப்பு லொறி வராத கிராமம்

இங்கிலாந்தில் குளிர்காலத்தில் வீதிக்கு உப்புத் தூவுவார்கள். கறி உப்பல்ல; செஷயர் மாவட்டத்தின் வின்ஸ்போர்ட் சுரங்கத்தில் வெட்டும் பழுப்பு நிறப் பாறை உப்பு. இரவில் வீதி உறையுமுன் சதுர மீற்றருக்குச் சுமார் 10 கிராம் போட்டால், தண்ணீர் பூச்சியம் பாகையில் கட்டியாகாது.

2010க்குப் பின் மத்திய அரசு மானியத்தை வெட்டியதும், பல சபைகள் உப்பு லொறி ஓடும் பாதைகளைச் சுருக்கின. பிரதான வீதிகள் தப்பின. மாட்டியது கிராமத்துக் கிளை வீதிதான். சட்டம் இல்லையா? இருக்கிறது. 2003இல் திருத்தப்பட்ட நெடுஞ்சாலைச் சட்டப்படி இது சபையின் கடமை. ஆனால் ‘நியாயமாக இயன்றவரை’. எந்த வெட்டும் அதற்குள் அடங்கிவிடும்! சபையின் ஏட்டில் மிச்சம். பால் பவுசர் வராத பண்ணைக்காரர் ஏட்டிலோ நட்டம்.

சில இடங்களில் வீதியோரப் பெட்டியில் உப்பு வைத்திருப்பார்கள். ஊரவர்களே மண்வெட்டியால் அள்ளித் தூவ வேண்டும். அந்தப் பெட்டிகளையும் சில சபைகள் குறைத்துவிட்டன.