நத்தார் காலத்து வானிலை: கொச்சிக்கடை வெயிலும் ஊர் மழையும்

நத்தார் நெருங்கும் வாரங்களில் கொச்சிக்கடையின் வானம் குணம் மாறத் தொடங்கும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரமானால் இடித்து முழங்கிக் கொண்டிருந்த வானம் மெல்ல மெல்ல அடங்கிவிடும். விடியற்காலையில் வடக்குப் பக்கத்திலிருந்து இலேசான கூதல் காற்று வரும். காலையில் காயப்போட்ட துணி மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். "மாரி முடிஞ்சுது" என்று நம்மவர்கள் சொல்லத் தொடங்குவதும் இந்த நாட்களிலேதான்.

கொச்சிக்கடையைப் பொறுத்தவரை அது ஓரளவு சரியான பேச்சு. ஆனால் ஊரிலே வயலை வைத்துக்கொண்டு இங்கே குடியிருக்கும் கமக்காரக் குடும்பங்களுக்கு அந்தப் பேச்சு பல தடவை நட்டத்தைக் கொடுத்திருக்கிறது.

யுத்த காலத்தில் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து கொட்டாஞ்சேனையிலேயே தங்கிவிட்ட ஒரு பெரியவரை எமக்குத் தெரியும். ஊரில் அவருக்கு நாலு ஏக்கர் வயல். சகோதரியின் மகன் வாரத்துக்குச் செய்கிறார். விதைநெல்லுக்கும் பசளைக்கும் காசு அனுப்புவது பெரியவரே. ஒரு டிசெம்பர் மாதம் நடுப்பகுதியில் அவர் தொலைபேசியில் சொன்னார்: "தம்பி, இங்க நல்ல வெயில் எறிக்குது. இனி மழை வராது. யூரியாவை எறிஞ்சுவிடு." மருமகன், "மாமா, இங்க மந்தாரமாக் கிடக்குது" என்றார். "அது கலைஞ்சு போயிடும்" என்றார் மாமா. யூரியா எறிந்த அடுத்த இரவு தொடங்கிய மழை இரண்டு நாள் விடவில்லை. வரம்புக்கு மேலால் தண்ணீர் போனது. பசளையும் அதோடு போனது.

பெரியவர் வானம் பார்க்கத் தெரியாதவர் அல்லர். நாற்பது வருடம் வானத்தைப் பார்த்தே விதைத்தவர். அவர் தலைக்கு மேலே இருந்தது வேறொரு வானம் என்பதே அங்கு நேர்ந்த பிழை. 300 கிலோமீற்றர் தள்ளி இருக்கும் வயலுக்கும் இந்த வானத்துக்கும் டிசெம்பர் மாதத்திலே தொடர்பு குறைவு. ஏன் அப்படி என்பதை விளங்கிக்கொண்டால் எத்தனையோ மூடை பசளையை மிச்சப்படுத்தலாம்.

இலங்கையின் வருடத்தை வானிலை அறிஞர்கள் நான்காகப் பிரிக்கின்றனர். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. நாம் சோளகம் என்பது இதைத்தான். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று, அதாவது வாடை. இவை இரண்டுக்கும் நடுவே மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இரண்டு இடைப்பருவங்கள் வருகின்றன. கொழும்பு தனது மழையில் பெரும்பகுதியை இடைப்பருவங்களிலும் சோளகத்தின் தொடக்கத்திலும் பெற்றுவிடுகிறது. ஒக்டோபரிலும் நவம்பரிலும் மாதமொன்றுக்கு 300 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும் கொழும்பில் டிசெம்பரில் ஏறக்குறைய 175 மில்லிமீற்றர்தான் பெய்கிறது. ஜனவரியில் அது 60 அளவுக்கு இறங்கிவிடும். அதே டிசெம்பரில் மட்டக்களப்பில் பெய்வது 400 மில்லிமீற்றர் அளவு. திருகோணமலையில் 300க்கு மேல்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் காற்று வரும் திசையும் நடுவிலே நிற்கும் மலையும் ஆகும். வாடை வங்காள விரிகுடாவைக் கடந்து, ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. முதலில் அது சந்திப்பது கிழக்குக் கரையையும் வன்னியையும். அங்கேயே தன் சுமையில் பெரும்பகுதியை இறக்கிவிடுகிறது. மிச்சத்தை மலைநாட்டின் கிழக்குச் சரிவுகள் வாங்கிக்கொள்கின்றன. மலையைத் தாண்டி மேற்குக் கரைக்கு இறங்கும்போது காற்றில் ஈரம் குறைந்துவிடுகிறது. சோளக காலத்தில் இது அப்படியே தலைகீழாக நடக்கும். அப்போது கொழும்பு நனையும், வன்னி காயும். ஒரே வீட்டுக் கூரையின் இரண்டு பக்கம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துச் சாரல் மற்றப் பக்கத்துத் திண்ணையில் விழாது.

இனி நத்தார் விடுமுறை நாட்களில் கொச்சிக்கடையில் எதை எதிர்பார்க்கலாம் என்பதைப் பார்ப்போம். (நீர்கொழும்புக்கு அப்பால் இன்னொரு கொச்சிக்கடை இருக்கிறது. நாம் சொல்வது கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள கொச்சிக்கடை. இரண்டும் ஒரே கரையில் இருப்பதால் வானிலையில் பெரிய வித்தியாசம் இல்லை.) பகல் வெப்பம் 30, 31 பாகை செல்சியஸ். இரவு முடிவில் 22, 23 பாகைக்கு இறங்கும். மலைநாட்டவருக்கு இது குளிரே அல்ல. ஆனால் ஒடுங்கிய அறைகளில் நிலத்திலே பாய் விரித்துப் படுக்கும் குழந்தைகளுக்கும் வயோதிபர்களுக்கும் இருமல், சளி கூடுவது இந்த நாட்களில்தான். காலை பெரும்பாலும் வெளித்திருக்கும். மழை வருமானால் பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகோ இரவிலோ வரும். கடற்காற்று மேற்கிலிருந்து உள்ளே நுழைந்து, எதிரே வரும் வாடையோடு முட்டும்போது முகில் மேலெழும்பி இடிமழையாகிறது. அந்த மழை ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். அதற்குள்ளேயே ஆமர் வீதிச் சந்தியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கக் கூடும். அது மழையின் குற்றமல்ல, வடிகாலின் குற்றம்.

இந்தப் படம் குழம்புவது வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உருவாகும்போது. தாழமுக்கம் என்றால் காற்றின் அழுத்தம் சுற்றுப்புறத்தை விடக் குறைந்த இடம். நாலு பக்கத்திலிருந்தும் காற்று அதை நோக்கி ஓடிவருகிறது. வரும் காற்று ஈரத்தையும் இழுத்து வருகிறது. கடல் சூடாக இருந்தால் அது பலமடைந்து சூறாவளி ஆகலாம். நவம்பரும் டிசெம்பரும் நமக்கு ஆபத்தான மாதங்களாவது இதனாலேயே. 1964 டிசெம்பர் 22இல் வட இலங்கையைக் கடந்த சூறாவளி அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பு. 2000ஆம் ஆண்டில் நத்தாருக்கு மறுநாள் திருகோணமலைப் பக்கம் ஒரு சூறாவளி கரை கடந்தது. 2014 நத்தார் வாரத்து வெள்ளம் நாடு முழுவதிலும் பத்து இலட்சம் அளவிலான மக்களைப் பாதித்தது. 2018 டிசெம்பர் 21, 22ஆம் திகதிகளில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கின. இரணைமடுவின் வான்கதவுகளைத் திறக்க வேண்டியதாயிற்று. நத்தாருக்கு ஊருக்குப் போக மூட்டை கட்டிய குடும்பங்கள் பல அந்த வருடம் வழியிலே நின்றன. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரேவி சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையிலே கரையேறியது.

இவற்றைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. பல வருடங்களில் நத்தார் அமைதியாகவே கடந்து போகிறது. ஆனால் "நத்தாரோடு மழை விட்டுவிடும்" என்ற நம்பிக்கைக்கு ஊரில் ஆதாரம் இல்லை என்பதை இந்தத் திகதிகள் காட்டுகின்றன. ஜனவரியும் அப்படித்தான். 2011 ஜனவரியில் மட்டக்களப்பு, அம்பாறை வயல்கள் அறுவடைக்குச் சற்று முன்னர் வெள்ளத்தில் போயின. பொங்கலுக்குப் புது அரிசி இல்லாமற்போன வருடம் அது.

ஒரே காற்று இரண்டு இடங்களில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும் என்பதற்கு 2022 டிசெம்பரைப் பாருங்கள். மாண்டஸ் என்ற சூறாவளி அப்போது இலங்கைக்கு வடகிழக்கே கடலில் நகர்ந்துகொண்டிருந்தது. அது இலங்கையில் கரையேறவில்லை. தமிழ்நாட்டின் மாமல்லபுரம் பக்கம் போய்விட்டது. ஆனால் அது இழுத்த காற்று வட இந்தியப் பக்கத்துத் தூசியையும் புகையையும் கொண்டுவந்தது. கொழும்பின் வானம் மங்கிப்போனது. டிசெம்பர் 9ஆம் திகதி நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன. கொச்சிக்கடையில் இருந்தவர்களுக்கு அது கண் எரிச்சலும் இருமலும் தந்த இரண்டு நாட்கள். அதே நாட்களில் வன்னியிலும் கிழக்கிலும் குளிர்காற்றும் மழையும் சேர்ந்து அடித்து, வெட்டையில் நின்ற மாடு, எருமை, ஆடு என ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் விறைத்துச் செத்தன. பட்டியில் ஒதுக்கு இருந்திருந்தால் பல தப்பியிருக்கும். இங்கே இருந்துகொண்டு அங்குள்ள பட்டிக்குத் தறப்பாள் கட்டச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

ஆகவே ஊர் வயலைப் பற்றிய தீர்மானத்தை இரண்டு இடத்திலிருந்து கேட்டு எடுக்க வேண்டும். ஒன்று வயலில் நிற்பவர். மற்றது வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கை. வானொலியில் கேட்கும்போது பலர் "மேல் மாகாணம்" என்ற சொல் வந்தவுடன் காதைத் தீட்டுகிறார்கள், மிச்சத்தை விட்டுவிடுகிறார்கள். ஊரில் வயல் உள்ளவர் "வடக்கு, கிழக்கு, வடமத்திய மாகாணங்கள்" என்ற பகுதியைத்தான் முதலில் கேட்க வேண்டும். வடமத்தியையும் ஏன் என்றால், மல்வத்து ஓயா அனுராதபுரத்தில் பெய்த மழையைத்தான் மன்னாருக்குக் கொண்டுவருகிறது. அங்கே அதை அருவியாறு என்கிறோம்.

அறிக்கையில் வரும் மில்லிமீற்றர் கணக்கும் பலருக்கு விளங்குவதில்லை. 25 மில்லிமீற்றர் ஏறக்குறைய ஓர் அங்குலம். 100 மில்லிமீற்றர் மழை என்றால் ஓர் ஏக்கர் வயலில் நாலு இலட்சம் லீற்றர் தண்ணீர். பத்தாயிரம் லீற்றர் பிடிக்கும் பவுசர் நாற்பது வந்து ஒரே ஏக்கரில் ஊற்றிவிட்டுப் போனது போல என்று நினைத்தால் யூரியாவுக்கு என்ன நடக்கும் என்பது விளங்கும். "சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கு மேல்" என்று அறிக்கை சொன்னால் அன்று பசளை மூடையை அவிழ்க்கக் கூடாது. மாறாக, மானாவாரி நிலத்தில் 10, 15 மில்லிமீற்றர் தூறல் வரும் என்றால் அது நல்ல சமயம். ஈரத்தோடு பசளை மண்ணுக்குள் இறங்கும். நீர் நிற்கும் வயலானால் முதலில் வடித்து, மேலோட்டமான தண்ணீரில் எறிந்து, இரண்டு மூன்று நாள் வக்கடையைக் கட்டி வைக்க வேண்டும். அந்த இரண்டு மூன்று நாளும் பெருமழை இல்லை என்பதுதான் அறிக்கையிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி. பயிர் மட்டம் வெடிக்கும் காலத்தில் நாலு நாள் பிந்துவதால் வரும் நட்டம், ஒரு மூடை யூரியா வாய்க்காலில் போவதை விடச் சிறியது. 2021க்குப் பிறகு பசளை விற்கும் விலையைக் கண்டவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

எத்தனை நாளுக்கு முன்னதாக அறிக்கையை நம்பலாம் என்பதும் ஒரு கேள்வி. நாளை, நாளை மறுநாள் பற்றிச் சொல்வதை நம்பி வேலை செய்யலாம். ஐந்து நாளுக்கு அப்பால் சொல்வதை ஆயத்தத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரிலே யாராவது "இந்த முறை நத்தாரன்று மழை இல்லை" என்று உறுதியாகச் சொன்னால், அவர் சாத்திரம் சொல்கிறார், வானிலை சொல்லவில்லை. தாழமுக்கம் பெரும்பாலும் சுமாத்திரா, அந்தமான் பக்கத்துக் கடலில் பிறந்து மேற்கே நகர்கிறது. நம்மை எட்ட அதற்குச் சில நாள் வேண்டும். ஆகவே "வங்காள விரிகுடாவின் தென்கிழக்கில் தாழமுக்கம்" என்ற வசனம் அறிக்கையில் வந்தால், வேலிக்குள் வந்த மாட்டைப் போல அதை விடாமல் கவனிக்க வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஊர்ப் பயணத்தைத் தள்ளி வைப்பதும் அப்போது புத்தி.

கொச்சிக்கடைப் பக்கத்தில் தாழ்ந்த தோட்டங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு விடயம் உண்டு. இங்கேயும் தலைக்கு மேலே உள்ள வானத்தை மட்டும் நம்ப முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டில் மண்சரிவுகளையும் நாடெங்கும் வெள்ளத்தையும் உண்டாக்கி 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அப்போது களனி கங்கையின் கீழ்ப்பகுதியில் இருபக்கமும் தண்ணீர் ஏறியது. மலையில் பெய்த மழை கொழும்பை வந்தடைய ஒரு நாள், இரண்டு நாள் எடுக்கும். மேலே மழை விட்டு, இங்கே வெயில் எறித்தாலும் ஆறு ஏறிக்கொண்டே இருக்கும். கொழும்பு வடக்கில் நாகலகம் வீதியிலுள்ள அளவுகோல்தான் நமக்கு அண்மையிலுள்ள அடையாளம். அங்கே 5 அடியைத் தாண்டினால் சிறுவெள்ளம், 7 அடியைத் தாண்டினால் பெருவெள்ளம் என்று நீர்ப்பாசனத் திணைக்களம் கணக்கிடுகிறது. 4 அடி என்று கேள்விப்பட்டவுடனேயே அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைப் பொலித்தீனில் சுற்றி உயரத்தில் வையுங்கள். ஒரு தடவை இடம்பெயர்ந்தபோது காணி உறுதியைத் தொலைத்தவர்கள் அதை மீண்டும் எடுக்க எத்தனை கந்தோர் ஏறி இறங்கினார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. எந்நேரமும் அழைக்கலாம்.

பெரியவரின் கதைக்கு வருவோம். இப்போது மாமாவும் மருமகனும் ஓர் ஒழுங்கு செய்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் இரவுச் செய்திக்குப் பிறகு மாமா அழைப்பார். முதலில், குளத்தில் எத்தனை அடி, வான் பாயுதா என்று கேட்பார். பிறகு வயலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்பார். கடைசியாக, தான் கேட்ட அறிக்கையில் வடக்கைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதை வாசித்துக் காட்டுவார். யூரியா எறிவதா இல்லையா என்பதை மருமகனே முடிவு செய்வார். கொச்சிக்கடையில் வெயிலா மழையா என்று மருமகன் கேட்டால், "அதை விடு தம்பி, அது இஞ்சத்த கதை" என்பார்.