உடற்கல்வி நேரத்தை யார் எடுத்துக்கொண்டது?

"இந்த வாரம் திடலில் இறங்கினாயா?" என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். "இல்லம்மா, டீச்சர் கணக்குப் பயிற்சி கொடுத்தாங்க" என்று பதில் வந்தால், சட்டப்படி பிள்ளைக்குச் சேர வேண்டிய ஒன்று கைமாறிவிட்டது என்று பொருள்.

மலேசிய ஆரம்பப் பள்ளிக் கலைத்திட்டம் உடற்கல்விக்கு ஆண்டுக்கு 32 மணி நேரமும், நலக்கல்விக்கு 16 மணி நேரமும் ஒதுக்குகிறது. தேசியப் பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி என்ற பேதம் இதில் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் நாளுக்கு 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது. நம் பள்ளிகளில் அது வாரத்துக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அதிலும் கைவைத்தால் மிச்சமென்ன? 2019 தேசியச் சுகாதார ஆய்வில், 5 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 29.8 விழுக்காட்டினர் மிகை எடை அல்லது உடல்பருமன் கொண்டவர்கள்.

உடற்கல்வி நேரத்தை எடுத்துக்கொள்ளத் தேர்வைக் காரணம் காட்டும் வழக்கம், ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வுக் காலத்தது. அந்தத் தேர்வு 2021-இல் ரத்தானது. வழக்கத்தை ரத்து செய்ய யாரும் சுற்றறிக்கை விடவில்லை போலும்!

ஜார்ஜ்டவுன் நகரப் பள்ளிகளுக்கு இடநெருக்கடி உண்மைதான். சபைகூடல், கார் நிறுத்தம், பந்தாட்டம் எல்லாம் ஒரே சிமெண்டுத் தரையில் நடக்கும். ஆனால் 2006 முதல் 2015 வரை தொடர்ந்து உலகின் முதல்நிலை ஸ்குவாஷ் வீராங்கனையாக இருந்த பினாங்குப் பெண் நிக்கோல் டேவிட் ஆடிய களம் 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம். அவரை உருவாக்கியது பாடவேளை அல்ல, தனிப்பயிற்சி. என்றாலும் 'திடல் இல்லை' என்ற சாக்கு அவர் ஊரில் எடுபடக்கூடாது. வெயிலும் அப்படித்தான். வெப்ப எச்சரிக்கை வந்தால் மைதானத்தை விடலாம், பாடத்தை விட வேண்டியதில்லை. மண்டபமோ வகுப்பறையோ போதும். சக்கர நாற்காலிப் பிள்ளையை ஓரத்தில் உட்காரவைத்து மற்றவர்களின் தண்ணீர்ப் போத்தலுக்குக் காவல் வைப்பதை நான் மன்னிக்கமாட்டேன். விளையாட்டில் பங்குபெறும் உரிமையை 2008 மாற்றுத்திறனாளிகள் சட்டம் அவர்களுக்கும் தருகிறது.

என்ன செய்யலாம்? நான்காம் ஆண்டு முதல் 'செகாக்' உடற்தகுதிச் சோதனை ஆண்டுக்கு இருமுறை நடக்க வேண்டும். மூன்று நிமிடம் பலகையில் ஏறி இறங்குவது, தண்டால், படுத்தபடி பாதி எழுவது, காலை நீட்டி உட்கார்ந்து முன்னே எட்டுவது. உங்கள் பிள்ளையின் புள்ளிகளைக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பாட அட்டவணையை வாங்கி, தவறிய தேதிகளைக் குறித்துவையுங்கள். ஆசிரியர் மீது பாயாதீர்கள். பல பள்ளிகளில் உடற்கல்வியைத் தருபவர் அதில் பயிற்சி பெறாத வகுப்பாசிரியரே. முதலில் தலைமையாசிரியர், பிறகு பெற்றோர் ஆசிரியர் சங்கம். கூட்டக் குறிப்பில் ஏறாத பேச்சு காற்றோடு போகும், ஆகவே எழுதிக் கொடுங்கள். அங்கும் அசைவில்லையெனில் பினாங்கின் வடகிழக்கு மாவட்டக் கல்வி அலுவலகம், அடுத்து மாநிலக் கல்வி இலாகா, கல்வி அமைச்சின் 'சிஸ்பா' இணையப் புகார் முறை. மூன்று நான்கு பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்ட கடிதம் என்றால், 'உங்கள் பிள்ளைக்கு மட்டும்தான் இந்தக் குறை' என்று எவரும் தட்டிக்கழிக்க முடியாது.