மேஜைமேல் ஒரு ரயில்வே – 4: எட்டு வேகன், மூன்று பாதை

வட்டமாகத் தண்டவாளம் போட்டு அதன்மேல் ஓர் எஞ்சினைச் சுற்றவிட்டால் முதல் நாள் வீடு முழுவதும் கூடிநின்று களிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் எங்கும் போய்ச் சேராத அந்த ஓட்டத்தில் மனம் வெகுநாள் லயிப்பதில்லை. ரயிலுக்கு ஒரு காரியம் வேண்டும். அதற்கு விஸ்தீரணமான கூடம் அவசியமில்லை என்று நிரூபித்தவர் ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர். நார்தம்பர்லாந்தில் கில்ஹாம் என்ற இடத்திலிருந்த அசல் சரக்குப் பாதைகளை ஆதாரமாகக் கொண்டு அவர் வகுத்த 'இங்கிள்நூக்' என்னும் அமைப்பு, பாதையைப் பிரிக்கும் இரண்டே பாயிண்டுகளும், வேகன்கள் ஒதுங்கி நிற்கும் மூன்று சைடிங்குகளும் கொண்டு, அடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்ற அளவில், நான்கைந்தடிப் பலகைக்குள் அடங்கிவிடுவது.

நீண்ட சைடிங்கில் ஐந்து வேகன்களுக்கு இடமுண்டு. மற்ற இரண்டில் மும்மூன்றுக்கு. எஞ்சின் போய்வரும் ஷண்டிங் நெக்கிலோ எஞ்சினோடு மூன்று வேகன்களுக்கே இடம். இருக்கும் எட்டு வேகன்களுக்கும் சீட்டெழுதிக் குலுக்கி, ஐந்தை எடுத்து, எடுத்த வரிசை பிறழாமல் நீண்ட சைடிங்கில் வண்டியாகக் கோக்க வேண்டும் என்பதே விதி. இவ்வாறு அமையக்கூடிய வரிசைகள் 6,720.

நீண்ட பாதையில் ஐந்தும் இரண்டாவதில் மூன்றும் நிற்க, மூன்றாவது காலியாக இருப்பதாகக் கொள்வோம். கோடியில் நிற்க வேண்டிய முதல் வேகன் இரண்டாவது சைடிங்கின் கடைசியில் அகப்பட்டிருக்கிறது. எஞ்சின் மூன்றையும் நெக்குக்கு இழுத்து, பாயிண்டை மாற்றிய பின், வேண்டிய வேகனை மட்டும் மூன்றாவது பாதையில் தள்ளிக் கழற்றிவிட்டு, மற்ற இரண்டையும் பழைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இதுவரை சுலபம். இனி நீண்ட பாதையிலுள்ள ஐந்தையும் அப்புறப்படுத்த வேண்டுமே! மிஞ்சிய இடமோ இங்கே ஒன்று, அங்கே இரண்டு. அந்த இரண்டையும் நிரப்பினால், அரும்பாடுபட்டுப் பிரித்தெடுத்த வேகன் மறுபடியும் மறைபட்டுப் போகும். எதை விடுவது, எதை இழுப்பது என்று எஞ்சினை நிறுத்தி யோசிக்கும் அந்தக் கணத்தில்தான் பார்ப்பவர் பாயிண்ட்ஸ்மேனாக மாறுகிறார். நெக்கை ஒரு வேகன் அளவு நீட்டினாலும் இந்த நிர்ப்பந்தம் தளர்ந்து சுவாரஸ்யம் குறைந்துவிடும்.

அமெரிக்காவில் ஜான் ஆலன் என்பவர் ஐந்து பாயிண்டுகளோடு வகுத்த 'டைம்சேவர்' என்னும் அமைப்பு, கடிகாரத்தோடு போட்டியிடும் அருமையான விளையாட்டு. ஆனால் ரயில்வேக்காரர் எவரும் அப்படியொரு யார்டை வேண்டி அமைக்கமாட்டார். ரைட்டின் பாதைகளோ கிராமத்துச் சரக்கு நிலையத்தைப் பிரத்தியட்சமாகக் காட்டுகின்றன. ஆதலால் சிறிய இடத்துக்கு இங்கிள்நூக்கே சிலாக்கியம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

வாசகர்கள் பலகையில் ஆணி அடிக்குமுன், கொக்கிகள் உட்படத் தங்கள் வேகன்களின் நீளத்தை அளந்து, அதே அளவில் எட்டுக் காகிதத் துண்டுகளை வெட்டி, மேஜையில் சாக்குக்கட்டியால் கோடு கிழித்து, இந்த வாரம் முழுவதும் நகர்த்திப் பார்க்கட்டும். தண்டவாளம் பதிக்கும் முறையை அடுத்த இதழில் விவரிக்கிறேன்.