வெளிநாட்டுக்குப் பேச எது மலிவு?

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. பிராட்பேண்ட் இணைப்பும் வந்துவிட்டது. 'வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் செலவில்லாமல் பேச முடியுமா?' என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். முடியும். ஆனால் நிமிடக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அப்படிச் செய்து எங்கள் வீட்டில் ஒருமுறை நன்றாக அவதிப்பட்டோம்.

2004ல் என் அண்ணன் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். நூம்பலில் எங்கள் வீட்டு போனில் ஐ.எஸ்.டி. வசதி கிடையாது. பேச வேண்டுமென்றால் வேலப்பன்சாவடி பூத்துக்குப் போக வேண்டும். மீட்டரில் சிவப்பு எண்கள் ஓட ஓட, அம்மாவுக்குப் பேச்சே வராது. 'சாப்பிட்டியா? சரி, வெச்சிடறேன்' என்பதோடு முடித்துவிடுவார்.

பிறகு அண்ணன் மலிவான காலிங் கார்டு ஒன்றைப் பிடித்தார். அட்டையில் போட்டிருந்த நிமிடக் கணக்கு ஒன்று, பேசக் கிடைத்தது வேறொன்று. இணைப்புக்கு ஒரு கட்டணம், அரை நிமிடம் பேசினாலும் முழு நிமிடக் கணக்கு! ஒருநாள் இரவு 'அப்பாவுக்கு ஆபரேஷன்னு டாக்டர் சொல்லிட்டாருப்பா...' என்று அம்மா ஆரம்பித்ததும் கார்டு தீர்ந்து லைன் அறுந்துவிட்டது. இங்கே பூத் மூடியாயிற்று. விடியும் வரை அண்ணன் தூங்கவில்லை. அது வெறும் கண்புரை ஆபரேஷன்!

இன்டர்நெட்டில் ஏன் மலிவு?

பழைய முறையில், நீங்கள் பேசி முடிக்கும் வரை ஒரு தடம் உங்களுக்காகவே ஒதுக்கப்படும். எதிர்முனை நாட்டின் டெலிபோன் நிறுவனத்துக்கும் பங்கு தர வேண்டும். இன்டர்நெட்டில் உங்கள் குரல் சிறு சிறு பொட்டலங்களாகி, மற்றவர்களின் தகவல்களோடு ஒரே பாதையில் போகிறது. தனிக் கட்டணம் இல்லை. பழைய டெலிபோன் தரமான நொடிக்கு 64 கிலோபிட் என்று கணக்கிட்டாலும், ஒரு மணி நேரப் பேச்சுக்குப் போக வர சுமார் 58 எம்.பி.தான் ஆகும். உடன் போகும் முகவரித் தகவல்களால் இது கொஞ்சம் கூடலாம். வீடியோவுக்கு இதைப்போலப் பல மடங்கு ஆகும்.

இந்தியாவில் இன்டர்நெட் டெலிபோனிக்கு 2002 ஏப்ரல் 1 அன்றுதான் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டு அழைப்பில் வி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் தனியுரிமை முடிந்ததும் அதே நாளில்தான்.

இரு பக்கமும் இன்டர்நெட் இருந்தால்

இதுவே மிக மலிவான வழி. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருந்து வாட்ஸ்அப்பைக் கம்ப்யூட்டரில் நிறுவுங்கள். திரையில் கட்டம் கட்டமாக ஒரு கியூ.ஆர். கோடு தெரியும். உங்கள் மொபைல் வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதிக்குச் சென்று அதை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு பெயரைத் தேர்ந்தெடுத்து, போன் படத்தில் கிளிக் செய்தால் போதும். எதையும் நிறுவ விருப்பமில்லை என்றால், கூகுள் கணக்கு இருந்தால் பிரவுசரிலேயே கூகுள் மீட் மூலம் பேசலாம். மைக் வைத்த ஹெட்போன் அவசியம். ஸ்பீக்கரில் பேசினால் குரல் எதிரொலிக்கக்கூடும்.

வளைகுடா நாடுகளுக்குப் பேசுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல் அழைப்புக்குத் தடை உண்டு. அங்கே அனுமதி பெற்ற சாஃப்ட்வேர் எது என்று உங்கள் உறவினரிடமே கேட்டு, அதையே இங்கும் நிறுவுங்கள்.

எதிர்முனையில் சாதாரண போன் மட்டும் இருந்தால்

இப்போது கட்டணம் உண்டு. உங்கள் மொபைல் நிறுவனத்தின் ஐ.எஸ்.டி. பேக்கையும், இன்டர்நெட்டில் இருந்து போனுக்குப் பேசும் சேவைகளையும் ஒப்பிடுங்கள். பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்:

1. இணைப்புக் கட்டணம் தனியா?
2. கணக்கு நொடிக்கா, நிமிடத்துக்கா?
3. அந்த நாட்டில் லேண்ட்லைனுக்கும் மொபைலுக்கும் ஒரே கட்டணமா?
4. மீதிப் பணம் எத்தனை நாள் செல்லும்?

பழைய கம்ப்யூட்டர் புத்தகங்களில் ஸ்கைப்பைச் சிபாரிசு செய்திருப்பார்கள். 2003ல் வந்த அந்தச் சேவை 2025 மே 5 அன்று நிறுத்தப்பட்டுவிட்டது. அதைத் தேடி அலைய வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. முன்பின் தெரியாத வெளிநாட்டு எண்ணில் இருந்து மிஸ்டு கால் வந்தால் திருப்பி அழைக்காதீர்கள். அதிகக் கட்டணம் பிடுங்கும் மோசடியாக இருக்கலாம்.

இப்போது எங்கள் அம்மா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசுகிறார். ஆனாலும் பழக்கம் விடவில்லை. முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறார்.