கலப்பு நிகழ்வு: முதல் செலவு ஒலிக்கே

அரங்கில் ஒரு கூட்டமும் இணையத்தில் இன்னொரு கூட்டமுமாக நடக்கும் கலப்பு நிகழ்வுகள், 2020இன் கொரோனா முடக்கத்துக்குப் பின் பரவலாகிவிட்டன. ஏற்பாட்டாளர்கள் முதலில் தேடுவது பெரும்பாலும் நல்ல கேமராவை. ஆனால் தொலைவில் இருப்பவரை நிகழ்ச்சியில் இருத்தி வைப்பது ஒலிதான். படம் மங்கினாலும் பேச்சைப் பின்தொடரலாம். பேச்சு அறுந்துபோனால் எவ்வளவு துல்லியமான படமும் உதவாது.

இதற்குக் காரணம் செவியின் இயல்பில் இருக்கிறது. அரங்கில் அமர்ந்திருப்பவர் இரு காதுகளால் திசையறிந்து, இருமலையும் மின்விசிறி இரைச்சலையும் ஒதுக்கிவிட்டுப் பேச்சாளரின் குரலை மட்டும் பிடித்துக்கொள்கிறார். ஆய்வாளர் காலின் செர்ரி 1953இல் ஆராய்ந்து விளக்கிய திறன் இது. அரங்கின் மூலையில் வைத்த ஒற்றை மைக்கோ எல்லா ஒலியையும் ஒன்றாகக் குழைத்து அனுப்புகிறது, திசை தொலைந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, பேசுபவரிடமிருந்து மைக் இருக்கும் தூரம் இருமடங்கானால் நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபல் குறைகிறது. சுவர்களில் பட்டுச் சுழலும் ஒலி ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. அதனால்தான் மைக் பேசுபவரின் வாயருகே இருக்க வேண்டும். அரங்கிலிருந்து கேள்வி கேட்பவரிடமும் மைக் போய்ச் சேர வேண்டும்.

இணையத்திலிருந்து ஒருவர் பேசும்போது அடுத்த சிக்கல் வருகிறது. ஒலிகளைக் கலக்கும் மிக்சர் அவர் குரலை அவருக்கே திருப்பி அனுப்பினால், தன் பேச்சே தாமதமாகக் காதில் விழுந்து அவர் தடுமாறுவார். அவருக்குப் போகும் ஒலியில் அவர் குரலை மட்டும் கழித்துவிட வேண்டும். அரங்க ஒலிபெருக்கியில் வரும் அவர் குரல் மீண்டும் புகாதபடி அரங்க மைக்குகளையும் அந்நேரம் அடக்கி வைக்க வேண்டும். தாமதத்துக்கும் கணக்கு உண்டு. உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லிவினாடி அளவே. ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். யூடியூப் நேரலையோ பல வினாடிகள் பின்தங்கக்கூடும். மேடையிலிருந்து “கேள்வி உண்டா?” என்று கேட்டுவிட்டு உடனே நகர்ந்தால், நேரலை பார்ப்பவர்களுக்கு வாய்ப்பே இல்லை. அவர்கள் எழுதும் கேள்விகளை முன்கூட்டியே திரட்டி மேடையில் எழுப்பத் தனி ஒருங்கிணைப்பாளர் தேவை.

நாட்டியத்துக்குப் படம்தானே உயிர் என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் ஜதியும் காலடியும் பொருந்தாவிட்டால் அந்தப் படமும் கெடும். பதிவு செய்து பிறகு வெளியிட்டால் போதாதா என்பாரும் உண்டு. கேள்வி பதில் இல்லாத உரைக்கு அது போதும், செலவும் குறைவு. பங்கேற்பை வாக்களித்த நிகழ்ச்சிக்குப் போதாது. இணையத்தில் இருக்கும் சிலருக்காக இவ்வளவு செலவா என்ற தயக்கமும் நியாயமானதே. எனினும் கேள்வி கேட்பவரிடம் நீட்டும் அதே மைக், கடைசி வரிசைக்காரருக்கும் கேள்வியைத் தெளிவாகச் சேர்க்கிறது. ஆகவே ஒத்திகையின்போது ஒருவரை அரங்குக்கு வெளியே ஹெட்போனுடன் உட்கார வையுங்கள். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிகிறது என்று உறுதியான பிறகே கேமராவைப் பற்றிப் பேசுங்கள்.