ஒற்றைத் தலைவலி: எதை உண்பது என்பதற்கு முன் எப்போது உண்பது

தலைவலிக்காக மருத்துவமனைக்கு வருகின்றவர்களில் பலர் முதலில் கேட்பது, "எதையெல்லாம் சாப்பிடக் கூடாது?" என்பதுதான். தயிர், வாழைப்பழம், எலுமிச்சை, முட்டை, தக்காளி என்று அக்கம்பக்கத்தார் சொன்ன பட்டியல் ஒன்று அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும். ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் ரசஞ்சோறும் ஊறுகாயும் மட்டும் எஞ்சிய நிலையில், உடல் மெலிந்தும் தலைவலி மெலியாமல் வருகின்றவர்கள் உண்டு. அவர்களுக்காகவும், அவர்களுக்குச் சமைத்துத் தருகின்ற குடும்பத்தாருக்காகவும் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி நரம்பு மண்டலத்தைச் சார்ந்த நோய். பெரும்பாலும் தலையின் ஒரு பக்கத்தில் விண்விண்ணென்று தெறிக்கும். படியேறினாலும் குனிந்து நிமிர்ந்தாலும் மிகும். குமட்டலோ வாந்தியோ உடன்வரும். வெளிச்சமும் ஓசையும் பொறுக்க முடியாதவை ஆகும். சிகிச்சை இல்லையெனில் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, அவற்றுள் 8 நாட்களேனும் இத்தன்மையுடையதாக இருந்து, இந்நிலை மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்தால் அது நாட்பட்ட ஒற்றைத் தலைவலி எனப்படும்.

நம் ஊர்ப்பக்கம் இதைப் 'பித்தம்' என்பார்கள். வாந்தி எடுத்தவுடன் வலி சற்றுத் தணிவதால் குற்றம் வயிற்றில்தான் என்று கருதுவது இயல்பே. ஆனால் நிகழ்வது வேறு. வலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே, சிலருக்கு ஒன்றிரண்டு நாட்கள் முன்பே, மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியில் மாற்றங்கள் தோன்றிவிடுகின்றன. பசி, தாகம், உறக்கம் ஆகியவற்றை ஆள்வதும் அதே பகுதிதான். பின்னர் முகத்துக்கும் தலைக்கும் உணர்வளிக்கும் முக்கிளை நரம்பு தூண்டப்பட்டு, மூளையுறையின் இரத்தக் குழாய்களைச் சுற்றி வலி பிறக்கிறது. தாக்குதலின்போது இரைப்பையின் இயக்கம் மந்தமாவது இதன் விளைவே. வயிறு நோய்க்குக் காரணமன்று. நோயால் பாதிக்கப்படும் உறுப்புகளில் அதுவும் ஒன்று. இதனால் வெறும் அமிலக் குறைப்பு மாத்திரையும் இஞ்சிச் சாறும் ஒற்றைத் தலைவலியைத் தீர்ப்பதில்லை.

இந்நோய் அரிதன்று. பெங்களூரையும் அதன் சுற்றுப்புறக் கிராமங்களையும் சேர்ந்த 18 முதல் 65 வயது வரையிலான 2,329 பேரிடம் நிமான்ஸ் ஆய்வாளர்கள் நடத்திய கணக்கெடுப்பில், ஓராண்டுக் காலத்தில் ஒற்றைத் தலைவலி கண்டவர்கள் நூற்றுக்கு 25 பேர். ஆண்களைவிடப் பெண்களிடமே இது மிகுதி.

பன்னிரண்டு மணி நேர நாளும் வெறும் வயிறும்

ஒற்றைத் தலைவலிக்காரரின் மூளை மாற்றத்தை விரும்பாத மூளை. உறக்கம் குறைந்தாலும் கூடினாலும், உணவு தவறினாலும், நீர் குறைந்தாலும், மாதவிலக்கின்போது ஹார்மோன் அளவு சரிந்தாலும் அது நிலைகுலைகிறது. 2007ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 1,207 நோயாளிகளிடம் தலைவலியைத் தூண்டுவது எது என்று கேட்டபோது, குறிப்பிட்ட உணவு என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 27 பேர்; வேளைக்கு உண்ணாமை என்று சொன்னவர்கள் 57 பேர். இஸ்ரேலில் யோம் கிப்பூர் நோன்பு நாளில் மருத்துவமனை ஊழியர்களிடையே நடந்த வேறோர் ஆய்வில், நோன்பிருந்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கும் நோன்பிராதவர்களில் 7 பேருக்கும் தலைவலி கண்டது. உண்ட பொருளைத் தேடிக்கொண்டிருக்கும் நாம், உண்ணாமல் விட்ட வேளையைத் தேடுவதில்லை.

இதை நம் பகுதியின் வேலை முறையோடு பொருத்திப் பார்க்க வேண்டும். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை. ஓவர்லாக் இயந்திரத்தில் அமரும் பெண் விடியலில் எழுந்து, தண்ணீர் பிடித்து, மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, தான் மட்டும் ஒரு தேநீரோடு புறப்படுகிறார். முந்தைய இரவு ஒன்பதரைக்கு உண்டது. அடுத்த சோறு பகல் ஒரு மணிக்கு. இடையில் ஏறத்தாழ பதினைந்து மணி நேரம்! கழிப்பறைக்கு எழுந்தால் பீஸ் குறையும் என்று தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறார். மாலை நான்கு மணிக்கு வலது நெற்றிப்பொட்டில் வலி தொடங்கும்போது, மதியம் உண்ட தக்காளிக் குழம்பின்மீது பழி விழுகிறது. அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகளில் இருப்போருக்கு உலையின் வெப்பமும், பித்தளையையும் எவர்சில்வரையும் தட்டும் ஓசையும் கூடுதல் சுமை. ஓசையையும் வெப்பத்தையும் உடனே மாற்ற இயலாது. வெறும் வயிற்றை மாற்ற இயலும்.

எனவே முதல் மாற்றம் இது: எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதேனும் உண்ண வேண்டும். இரண்டு இட்லியோ, ஒரு குவளைக் கம்பங்கூழோ, முந்தைய நாள் சோற்றில் மோர் விட்டதோ போதும். முழுச் சிற்றுண்டிக்கு நேரமில்லை என்பதற்காக ஒன்றுமே இல்லாமல் கிளம்பலாகாது. விழித்திருக்கும் நேரத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாதிருப்பது நல்ல அளவுகோல். முற்பகல் தேநீர் இடைவேளையில் தேநீரோடு வர்க்கியோ பன்னோ உண்பதைவிட, வீட்டிலிருந்து கொண்டுசென்ற சுண்டலோ வேர்க்கடலையோ நெடுநேரம் தாங்கும். மாவும் சர்க்கரையும் விரைந்து செரித்து விரைந்து பசியைத் தருபவை. இரவில் வீடு திரும்பச் சுணங்கும் என்று தெரிந்தால், மாலை ஆறு மணிக்குச் சிறிதளவு உண்பது நல்லது. தண்ணீர்ப் புட்டியைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மண்டையைப் பிளக்கும் வெயிலில் வேலை செய்வோருக்கு உப்பிட்ட மோர் ஏற்றது, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பின்றி அருந்தலாம்.

சஷ்டி, கிருத்திகை, ஏகாதசி என்று விரதம் இருப்பவர்கள், நீரும் தவிர்க்கும் கடும் விரதத்தைக் கைவிட்டுப் பால், பழம், கஞ்சி ஏற்கும் முறைக்கு மாறலாம். ரமலான் நோன்பு நோற்பவர்கள் விடியற்கால சஹர் உணவைத் தவறவிடாதிருப்பது பெரிதும் உதவும். மருந்துகளின் நேரத்தை நோன்பு தொடங்குவதற்கு முன்பே மருத்துவரோடு பேசி மாற்றிக்கொள்ள வேண்டும்.

தேநீரின் கணக்கு

தேநீரும் காப்பியும் தலைவலிக்கு மருந்தாகவும் காரணமாகவும் இருக்கின்றன. காஃபின் வலி மாத்திரையின் ஆற்றலைக் கூட்டும். சில மாத்திரைகளில் அதுவே கலந்திருக்கிறது. ஆனால் நாள்தோறும் 200 மில்லிகிராமுக்கு மேல் காஃபின் பழகியவர், ஒரு நாள் அதை நிறுத்தினால் 24 மணி நேரத்துக்குள் தலைவலி வரும். வாரம் முழுவதும் ஆறு தேநீர் அருந்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை உறங்கி, பதினொரு மணிக்கு முதல் தேநீரை அருந்துகின்றவருக்கு விடுமுறை நாளில் மட்டும் தலைவலி வருவதன் காரணங்களுள் ஒன்று இது. நாளொன்றுக்கு இரண்டு குவளை, அதுவும் தினமும் ஒரே நேரத்தில் என்பது பெரும்பாலோருக்குப் பாதுகாப்பான அளவு. குறைப்பதாயின் மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு குவளை வீதம் குறையுங்கள். ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். சோற்றோடு தேநீர் சேர்த்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும் என்பதையும் பெண்கள் நினைவில் கொள்ள வேண்டும். தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள்.

சந்தேகத்துக்கு உள்ளான உணவுகள்

சாக்லேட்டின்மீது உலகெங்கும் பழி இருக்கிறது. தாக்குதலுக்கு முந்தைய நாள் கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, எரிச்சல் ஆகியவற்றோடு இனிப்பின்மீது திடீர் நாட்டமும் தோன்றுவதுண்டு. அந்த நாட்டத்தால் இனிப்பை உண்கிறோம். மறுநாள் வலி வருகிறது. இனிப்பே வலியைக் கொணர்ந்தது என்று முடிவு செய்கிறோம். உண்மையில் அந்நாட்டமே தாக்குதலின் முதற்கூறு. அஜினோமோட்டோவைப் பற்றிய சான்றுகளும் பரவலாக நம்பப்படும் அளவுக்கு உறுதியானவை அல்ல. இட்லி மாவு புளித்தது என்பதால் ஆகாது, தயிர் ஆகவே ஆகாது என்பவற்றை எல்லோருக்குமான விதியாக ஏற்க இடமில்லை. மது மட்டும் வேறு வகை. பலருக்கு அது ஐயமின்றித் தூண்டுதலே.

எனினும் ஒரு குறிப்பிட்ட உணவு ஒரு குறிப்பிட்ட மனிதருக்கு ஒவ்வாமல் இருக்கக்கூடும். அதை உறுதி செய்ய வழி உண்டு. அந்த ஓர் உணவை மட்டும் நான்கு வாரம் விலக்கிப் பாருங்கள். பிறவற்றை மாற்ற வேண்டாம். வலி நாட்கள் குறைந்தால் மீண்டும் உண்டு பாருங்கள். மூன்று முறை உண்டதில் மூன்று முறையும் ஒரு நாளுக்குள் வலி வந்தால் அதை விலக்கலாம். ஒரு முறை மட்டும் வந்தால் அது தற்செயலாகவே இருக்கக்கூடும். கருவுற்ற பெண்களும் வளரும் பிள்ளைகளும் இச்சோதனையை உணவியல் ஆலோசகரைக் கேட்காமல் செய்யலாகாது.

இடையே ஒரு செய்தி. மும்பை நரம்பியல் மருத்துவர் கே. ரவிசங்கர், தலைக்குக் குளித்தால் ஒற்றைத் தலைவலி வருகிற 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006இல் ஆய்விதழில் எழுதினார். ஈரத்தலையோடு வேலைக்கு ஓடும் நம் பெண்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்ததுதான் இது. வெள்ளிக்கிழமை தலைவலிக்கு அன்றைய விரதம் காரணமா, தலைக்குளியல் காரணமா என்று பிரித்தறியக் குறிப்பு எழுதி வைத்தால்தான் முடியும்.

எண்ணெய், மீன், சிறுதானியம்

உணவின் வகையால் பயன் உண்டு என்பதற்கு வலுவான சான்று 2021இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. மாதத்தில் 5 முதல் 20 நாட்கள் தலைவலியுற்ற 182 பேருக்கு அமெரிக்காவில் 16 வாரம் மூவகை உணவு தரப்பட்டது. கொழுப்பு மிகுந்த மீனால் ஒமேகா 3 கூட்டப்பட்டவர்களுக்கு, வழக்கமான உணவு உண்டவர்களோடு ஒப்பிடுகையில், மாதம் 2 தலைவலி நாட்கள் குறைந்தன. ஒமேகா 3ஐக் கூட்டியதோடு லினோலிக் அமிலம் மிகுந்த எண்ணெய்களையும் குறைத்தவர்களுக்கு 4 நாட்கள் குறைந்தன. நான்கு நாள் என்பது நான்கு நாள் கூலி.

அந்த ஆய்வில் உணவை ஆய்வாளர்களே வழங்கினார்கள். நம் அடுக்களையில் அதே பலன் அப்படியே கிடைக்கும் என்று உறுதி கூற இயலாது. ஆயினும் திசை தெளிவாக இருக்கிறது. மத்தி, அயிலை ஆகிய மீன்களில் ஒமேகா 3 மிகுதி, வாரம் இரண்டு மூன்று முறை, பொரிக்காமல் குழம்பாக உண்பது நன்று. சூரியகாந்தி எண்ணெயில் லினோலிக் அமிலம் மிகுதி. கடலை எண்ணெயில் அதைவிடக் குறைவு. எந்த எண்ணெயானாலும் அளவைக் குறைப்பதும், கடையோரப் பஜ்ஜி, போண்டா, பரோட்டாவைக் குறைப்பதும் முதற்படி. இதய நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் எண்ணெயை மாற்ற வேண்டாம். மரக்கறி உணவினர் ஆளிவிதை சேர்க்கலாம்; எனினும் அதிலுள்ள ஒமேகா 3 வேறு வகை என்பதால் மீனுக்கு ஈடாகாது.

மெக்னீசியமும் ரிபோஃபிளேவினும் தலைவலி நாட்களைக் குறைக்கக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் ஆய்வுகளில் ரிபோஃபிளேவின் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் மாத்திரையாகத் தரப்பட்டது. உணவால் எட்டக்கூடிய அளவன்று அது. கம்பு, ராகி, கொள்ளு, பாசிப்பயறு, கீரை, வேர்க்கடலை ஆகியவற்றில் மெக்னீசியம் நன்றாகவே உள்ளது. கொங்கு நாட்டு அடுக்களை இவற்றை மறந்துவிடவில்லை. ரேஷன் அரிசிக்குப் பிறகு சற்றுத் தள்ளி வைத்திருக்கிறது, அவ்வளவே. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மெக்னீசிய மாத்திரையைத் தாமாக உட்கொள்ளக் கூடாது.

மாத்திரையை எண்ணுங்கள்

உணவு மாற்றம் பலன் தரவில்லை என்பவர்களில் சிலருக்குத் தடை உணவில் இல்லை, மாத்திரையில் இருக்கிறது. பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்றவற்றை மாதம் 15 நாட்களோ அதற்கு மேலோ, பல மருந்து கலந்த மாத்திரைகளையும் டிரிப்டான், எர்கோட்டமைன் வகைகளையும் மாதம் 10 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் உட்கொண்டுவந்தால் அம்மாத்திரைகளே தலைவலியைத் தோற்றுவிக்கக்கூடும். மெடிக்கலில் காகிதத்தில் மடித்துத் தருகிற 'செட்' மாத்திரையில் என்னென்ன இருக்கிறது என்பதை வாங்குபவர் அறியார். ஷிப்டை விடமுடியாத நெருக்கடியில் அதை விழுங்குகிறவரைக் குறைகூறுவது எளிது. அவருக்குத் தேவைப்படுவது வலி வராமல் தடுக்கும் மருந்து. அது அரசு மருத்துவமனைகளிலும் கிடைக்கக்கூடியதே. மருத்துவர் தந்த தடுப்பு மருந்தை, உணவு மாற்றியாயிற்று என்பதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

குடும்பத்தார் செய்யத்தக்க பேருதவி, ஒரு பள்ளி நோட்டில் எட்டு வாரம் குறிப்பெழுதுவது. வலி தொடங்கிய நேரம், அதற்கு முன் கடைசியாக உண்ட நேரம், உறங்கிய நேரம், தேநீர்க் குவளைகள், மாதவிலக்கு நாள், தலைக்குளியல், விழுங்கிய மாத்திரை ஆகியவை போதும். வலியில் கிடப்பவரால் எழுத இயலாது. மகனோ மகளோ எழுதலாம்.

இதுவரை இல்லாத கடுந்தலைவலி நொடிப்பொழுதில் உச்சத்தை எட்டினாலோ, காய்ச்சலும் கழுத்து இறுக்கமும் சேர்ந்தாலோ, கைகால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, பார்வை மங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, தலையில் அடிபட்ட பின் வலி மிகுந்தாலோ நோட்டுக்காகக் காத்திராமல் 108ஐ அழையுங்கள். ஐம்பது வயதுக்குப் பின் முதன்முறையாகத் தோன்றும் தலைவலியும், கருவுற்றிருக்கும்போதோ மகப்பேற்றுக்குப் பின்னோ புதிதாக வரும் தலைவலியும் தாமதமின்றிப் பரிசோதிக்கப்பட வேண்டியவை. மற்றவர்கள் அடுத்த முறை வரும்போது அந்த நோட்டையும், வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டைகள் அனைத்தையும், காகிதத்தில் மடித்த செட் மாத்திரை இருந்தால் அதையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.